தூதரகச் சுவரில் எதிர் வீட்டுப் பெண்

கொரோனா அடங்கிய மறு வருடம் தொடங்கியது இது. அம்பத்தூர் மேனாம்பேட்டில் குடியிருக்கிறோம். நான் பள்ளியில் டிராயிங் டீச்சர். மிச்ச நேரத்தில் ஓவியம் வரைவேன். எதிர் வீட்டு அக்காவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. கணவர் இல்லை. ஒரே மகள், நர்ஸிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் அவள் யூனிஃபார்மை உதறிக் காயப்போடுவதை ஒருநாள் வரைந்தேன். கொஞ்ச நாளில், பைபாஸில் லாரி மோதி அவள் போய்விட்டாள்.

அதன்பிறகு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலிருந்து நேராக என் வீட்டுக்கு வருவார். படத்துக்கு எதிரே உட்காருவார். காபி கொடுத்தால் குடிப்பார், பிறகு எழுந்து போவார். படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"வாணாம்மா. என் ஊட்ல இருந்தா அதையே பாத்துக்கினு உக்காந்துடுவேன். இங்கன்னா எழுந்து போயித்தான ஆவணும்" என்றார்.

நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சியில் அந்தப் படத்தை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஒரு நாட்டிலுள்ள நம் தூதரகத்திலிருந்து கேட்டார்கள்: வரவேற்பறையில் மாட்ட, சில வருடங்களுக்கு இரவல். எனக்கு அதுவரை கிடைக்காத கௌரவம். ஆனாலும் அக்காவைக் கேட்காமல் சரி சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் போய்க் கேட்டேன்.

"அவதான் போறேன் போறேன்னு கெடந்தா. போய்ட்டு வரட்டும்."

படம் போனது. அடுத்த வருடமே அக்காவுக்குப் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவள ஒரு தபா பாக்கணும்மா." செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "இது போட்டோம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தூதரகத்துக்கு எழுதினேன். உடனே அனுப்பினாலும் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்று பதில் வந்தது. ஆனால் பதில் போட்ட அந்த அதிகாரி, வடநாட்டுப் பெண், தானே போனும் செய்தார். வீடியோவில் காட்டட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மறுநாள் மத்தியானம் அக்காவின் கட்டில் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படத்துக்கு முன்னால் பெரிய பூச்சாடி ஒன்று இருந்தது. "கையக் காணோமே" என்று அக்கா தவித்தார். நான் இங்கிலீஷில் சொன்னதும், அந்த அதிகாரி சாடியை இழுத்துத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு படத்தை நெருங்கி வந்தார்.

"இன்னாடி, அங்க ரொம்பக் குளுருதா? துணி காயுதா?" என்று ஆரம்பித்தார் அக்கா. ஏதேதோ பேசினார். கடைசியில் குரல் இறங்கியது. "அம்மாவுக்கு முடிலடி."

அந்த அதிகாரிக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. அவசரப்படுத்தவே இல்லை. திரையில் படம் லேசாக ஆடியது. அவர் அழுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

"போதும்மா, ஆப் பண்ணிடு" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

இரவல் காலம் முடிந்து படம் திரும்பி வந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள், "எம்பஸில இருந்த படமாமே!" என்று அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். நானும் சிரித்தபடி நிற்கிறேன். ஆனால் படத்தில் இருப்பவளை மகளாகப் பார்க்க இனி இந்த உலகத்தில் ஒருவரும் இல்லையே என்ற நினைப்பு, எத்தனை பாராட்டு வந்தாலும் என்னை விட்டுப் போவதில்லை.