பெஞ்ச் மேல் இரண்டு மாதம்

வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருடத்தில் கம்பெனி என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தது. கையிலிருந்த வேலை முடிந்து, அடுத்தது கிடைக்காமல், சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு காத்திருப்பதற்கு சாஃப்ட்வேர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அறுபது நாளைக்குள் ஏதாவது ஒரு புராஜெக்ட் என்னை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள். சென்னையில் ஹாஸ்டல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பானேன் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊரான சந்தவாசலுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் புளி வியாபாரம். ஜவ்வாது மலையிலிருந்து வரும் புளியை வாங்கி, கொட்டை எடுத்து, கலசப்பாக்கம் கடைகளுக்குப் போடுகிறாள். வந்த அன்றைக்கே விஷயத்தைச் சொன்னேன். அவள் கையிலிருந்த புளி கீழே விழுந்தது.

"பெஞ்ச் மேல நிக்க வெச்சிட்டாங்களா? கழுத வயசாவுது, இன்னாடி தப்பு பண்ண?"

"நிக்கலம்மா, ஒக்காந்துனு இருக்கேன். தப்பு ஒண்ணும் பண்ணல."

"தப்பு பண்ணாம எவன் பெஞ்ச்ல ஏத்துவான்?"

மூன்று தடவை விளக்கினேன். கடைசியில், "சும்மா ஒக்காந்துனு இருந்தா சம்பளம் தர்றானா? அப்ப புளி வராத மாசத்துல எனக்கு யாருடி தர்றது?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உண்மையில் கோபம் அவள் மேல் இல்லை. நான் படித்தது எலெக்ட்ரிக்கல். கடைசி வருடம் காலேஜுக்கு இரண்டு கம்பெனிகள் வந்தன. டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற கம்பெனி ஒன்று, சாஃப்ட்வேர் ஒன்று. இரண்டாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளம் தருவதாகச் சொன்னது. யார்தான் யோசிப்பார்கள்? நானும் யோசிக்கவில்லை. முதல் கம்பெனிக்குப் போன தோழிக்கு வேலையும் பிடிபட்டு, சம்பளமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. நான் இரண்டுங்கெட்டான். ஒயரைத் தொட்டு வருஷமாகிறது, புரோகிராமிலும் பெரிய புலி இல்லை. வந்த முதல் மாதத்திலேயே இரண்டு புராஜெக்ட் இன்டர்வியூவில் மண்ணைக் கவ்வினேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நாற்பதாம் நாள், வருடா வருடம் அம்மாவுக்குப் புளி கொடுக்கும் மலைக்காரர் ஒருவர் ஜீப்பில் மூட்டைகளோடு வந்தார். இறக்கிப் போட்ட பிறகும் கிளம்பவில்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தார்.

"பாப்பா பெஞ்ச்ல கீதுன்னு அக்கா சொன்னாங்க. ஐகோர்ட்டு பெஞ்ச்சுங்களா?"

மதுரை பெஞ்ச், டிவிஷன் பெஞ்ச் என்று தினமும் செய்தியில் கேட்கிற மனிதர். அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வூட்ல ரெண்டு டிவி பொகஞ்சி போச்சும்மா. கேஸ் போடணும்."

"மாமா, நான் ஜட்ஜ் இல்ல. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்."

வேலைக்குப் போன பிறகு அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் முகம் தொங்கிவிட்டது. பாவமாக இருந்தது. டிவி எப்படிப் போச்சு என்று கேட்டேன்.

"பக்கத்து வூட்ல மாவு மிஷினு போட்டா எங்க வூட்டு லைட்டு பளீர்னு எரியுது. அவங்க வூட்ல மங்கிப்போவுது. அப்டி மிஷினு போட்டதும் போச்சு, டிவி!"

அடடே! இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு ஒயர் திரும்பிப் போகும், நியூட்ரல் என்பார்கள். அது எங்கேயோ தளர்ந்தால் ஒரு வீட்டுக்குரிய வோல்டேஜ் அடுத்த வீட்டில் போய் ஏறிக்கொள்ளும். பரணிலிருந்து காலேஜ் மீட்டரைத் தேடி எடுத்து, பேட்டரி மாற்றிக்கொண்டு, அதே ஜீப்பில் ஏறினேன். மாவு மிஷினைப் போடச் சொல்லி இவர் வீட்டில் மீட்டரை வைத்தேன். இருநூற்று முப்பதில் நிற்க வேண்டிய முள் முந்நூறைத் தாண்டியது. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். கம்பத்தை நான் தொடவில்லை. கீழேயிருந்து பார்த்தபோதே ஒரு இணைப்பு கரிந்து கறுத்திருந்தது தெரிந்தது. அவர் கொண்டுவந்த காகிதம் மின்வாரியத்துக்கு ஏற்கெனவே கொடுத்த மனுவின் நகல்; அதில் 'லைட் சரியாக எரியவில்லை' என்று மட்டும் இருந்தது. எந்தக் கம்பம், எந்த இணைப்பு என்று நான் வேறு மனு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாளே லைன்மேன் ஏறி, காற்றில் ஆடி ஆடி விட்டுப்போயிருந்த இணைப்பைச் சரிசெய்துவிட்டார். மலையிலிருந்து போன் வந்தது. "ஜட்ஜம்மா, தீர்ப்பு கரெக்ட்டு!" அன்றைக்கு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஐம்பத்தாறாம் நாள் லேப்டாப்பிலேயே கடைசி இன்டர்வியூ. வெளிநாட்டு மின்சாரக் கம்பெனி ஒன்றின் மீட்டர் கணக்குகளைச் சரிபார்க்கும் புராஜெக்ட். இதுவும் போனால் வேலை போச்சு. புரோகிராம் கேள்விகளில் பாதிதான் தேறியது. பிறகு அந்த மேனேஜர், சமீபத்தில் நீ தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல் என்றார். மனப்பாடம் செய்த பதில் வாயில் தயாராக இருந்தது. போனால் போகட்டும் என்று புளி மூட்டை, டிவி, மாவு மிஷின், ஐகோர்ட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கம்பத்தில் ஏறாமல் எப்படிக் கண்டுபிடித்தாய், மீட்டர் கணக்கை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியுமா என்று அரை மணி நேரம் துருவினார்.

இரண்டு நாள் கழித்து மெயில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் பழைய சம்பளம்தான், ஒரு ரூபாய் கூடவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொள்ளட்டும். லேப்டாப்பை மூடாமலே வெளியே ஓடினேன்.

வாசலில் அம்மா முக்காலி போட்டுப் புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ம்மா! பெஞ்ச்லருந்து எறக்கிட்டாங்க!"

அவள் கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. எழுந்து, முக்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல ஒக்காருடி. ரெண்டு மாசமா நின்னுனே கீற."