நடுவில் வெட்டிய ஷெல்

பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் வெப்பப் பரிமாற்றி. எங்கள் அலுவலகத்தில் எக்ஸ்சேஞ்சர். ஒரு பெரிய உருளை. அதை ஷெல் என்போம். உள்ளே நெருக்கமாக மெல்லிய குழாய்கள். குழாய்களின் இரு முனைகளும் தடித்த தகடுகளில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தத் தகடுகள் ஷெல்லோடும் சேர்ந்திருக்கும். சூட்டில் குழாய் நீண்டால் ஷெல்லும் கூடவே நீள வேண்டும். இல்லையென்றால் இழுபறி. அந்த இழுபறி எவ்வளவு, உலோகம் தாங்குமா என்று விதிநூலின்படி கணக்கிடுவது என் வேலை.

ஒரு முறை வாடிக்கையாளர் அனுப்பிய தாளில் நான்கு நிலைகள் இருந்தன. தொடங்கும்போது, ஓடும்போது, நிறுத்தும்போது, நீராவியால் கழுவும்போது. கடைசி நிலைக்கு எதிரே வெறும் கோடு. எங்கள் வழக்கத்தில் கோடு என்றால் கிடையாது. ஆனால் குழாய்க்குள் ஓடப்போவது பிசுபிசுப்பான திரவம். அது படியும். படிந்ததை எப்படியாவது கழுவத்தானே வேண்டும்?

குழாய்க்குள் மட்டும் நீராவி, ஷெல் காலி என்று வைத்துக் கணினியில் போட்டுப் பார்த்தேன். குழாய்கள் நீளத் துடித்தன. குளிர்ந்த ஷெல் விடவில்லை. குழாய்கள் வளைந்துவிடும் என்று முடிவு சிவப்பில் வந்தது. அதற்குள் வரைபடத்துக்கு ஒப்புதல் வந்து, பட்டறையில் ஷெல்லை உருட்டிப் பற்றவைத்தும் விட்டார்கள்.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன்.

“கோடு போட்டுருக்கான்மா. அவனே கேக்கல, நீ ஏன் பாக்குற?”

“கழுவாம எப்படி சார் ஓட்டுவாங்க?”

“அது அவன் கவல. நாம கேட்டா பதில் வரும். வந்துட்டா மறுபடி எல்லாத்தையும் யாரு செய்யறது?”

கணக்கின் முதல் பக்கத்தில் தயாரித்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. வாடிக்கையாளரைக் கேட்காமல் அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அனுப்பு. உன் பேர்லயே அனுப்பு.”

ஒப்புதல் வந்தால் எல்லோருக்கும் பப்ஸ் வாங்குவது எங்கள் பழக்கம். போன வாரமே சாப்பிட்டு முடித்திருந்தோம். “செரிச்ச பப்ஸயும் திருப்பிக் கேப்பாங்க போலருக்கு” என்று பின்னால் ஒருவர் சொல்ல, சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை டீக்கு இறங்கியபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

பதில் வராமலே ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் கேட்டேன்.

“கால் கிலோவா? இன்னாம்மா, ஊட்ல பூன வளக்கிறியா?” என்றார் மீன்காரம்மா.

“எனக்குத்தான்.”

அவர் ஒரு மீனைக் கூடுதலாகப் போட்டார். அதைச் செலவழிக்கத் தெரியாமல் இரண்டு வேளையும் மீனே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் பதில் வந்தது. ஆலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் நீராவியால் கழுவுவார்களாம். பழைய தாளை நகலெடுத்ததில் விடுபட்டுவிட்டதாம். இனி ஷெல்லை நடுவில் வெட்டி, ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு வளையத்தை வைக்க வேண்டும். அதற்குப் பெயர் பெல்லோஸ். ஷெல் நீளவும் சுருங்கவும் அது இடம் கொடுக்கும். மறுபடி கணக்குப் போட்டேன். எல்லா நிலைகளும் தேறின. கையெழுத்திட்டேன். தலைவர் தாளை வாங்கிக் கோப்பில் செருகினார். ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. விளங்கும்படி சொன்னால் கேட்கக்கூடிய ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

வெட்டும் வேலையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. என் கணக்கால் பட்டறை ஆட்களுக்கு விடுமுறை போயிற்று. நான் மட்டும் அறையில் படுத்திருப்பது சரியாகப் படவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் ஷெல்லின் மேல் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். உங்க புண்ணியத்துல இன்னிக்கு எங்க ஊட்டுக் கறிசோறு போச்சு.”

“சாரி அண்ணே.”

“அட, சும்மா சொன்னேன். கொழாய் வளைஞ்சு திரும்பி வந்தா எங்க தலையிலதான் விடியும். சரி, லீவு நாள்ல நீங்க எதுக்கு வந்தீங்க? ஊட்ல தேட மாட்டாங்களா?”

“யாரும் இல்லண்ணே. தனியாத்தான் இருக்கேன்.”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து என்னிடம் நீட்டினார்.

“போட்டுக்கினு அப்பிடித் தள்ளி நில்லுங்க. பொறி தெறிக்கும்.”

தள்ளி நின்றேன். ஷெல் இரண்டாகப் பிரியும்வரை அங்கேயே இருந்தேன்.