புதிர்ச் சோற்றில் ஒரு பங்கு

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்கக் கலியாணப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளையும் இல்லை, பொம்பிளையும் இல்லை. வள்ளத்தில் ஏறிக் கடல் தாண்டிப் போவதற்கு வீட்டார் வைத்துக்கொண்ட பெயர்தான் கலியாணவீடு. வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய காது இருக்கும் என்று தெரியாது என்பதால், கடல், வள்ளம், அவுஸ்திரேலியா என்ற சொற்கள் வீட்டுக்குள்ளேயும் வாயில் வரக்கூடாது. கலியாணவீட்டுக்கு எப்போது போவது, கலியாணவீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்றுதான் பேச வேண்டும். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்களின் இரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்த பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். என் தம்பிக்கு நாலு வயது. அவன் மட்டும் உண்மையாகவே கலியாணம்தான் என்று நம்பிப் பலகாரத்துக்குக் காத்திருந்தான்.

இத்தனைக்கும் நாங்கள் கடற்கரை ஆட்கள் இல்லை. அப்பாவின் தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் காணி எடுத்து, நெல்லை நம்பிப் பிழைத்த குடும்பம். சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பியபோது அந்தக் காணியில் கிணறும் வரம்பும்தான் மிஞ்சியிருந்தன. அதில் தகரக் கொட்டில் போட்டு அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று ஐந்து பேர் இருந்தோம்.

சித்தப்பா எங்களுக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்தார். அவரை வேறொரு முகாமில் நெடுநாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். விட்டார்கள் என்று பேர்தான். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் அடிக்கடி வருவார்கள். அம்மா கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுப்பார். அவர்கள் போன முறை கேட்ட கேள்விகளையே திரும்பக் கேட்பார்கள். சித்தப்பாவும் போன முறை சொன்ன பதில்களையே சொல்வார். எனக்கு அது வாய்ப்பாடு ஒப்புவிப்பது போல இருந்தது. இத்தனை தரம் பிழையில்லாமல் சொல்லியும் இவரை ஏன் மேல் வகுப்புக்கு ஏற்றுகிறார்களில்லை என்று சித்தப்பாவுக்காக நான் கவலைப்பட்டிருக்கிறேன்.

பயணத்துக்கான திட்டம் என் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துத்தான் போடப்பட்டது. அதில் அயல்நாடுகளைக் காட்டும் படம் ஒன்று இருந்தது. சித்தப்பா அதைப் பாயில் விரித்து, முல்லைத்தீவில் விரலை வைத்து, இந்தியாவை ஒதுக்கிவிட்டு, மலேசியா, இந்தோனேசியா என்று நீலத்தில் இழுத்துக்கொண்டு போனார். அவர் விரல் போன தூரம் என் கைக்கு ஒரு சாண்கூட வரவில்லை. இந்தியாதான் எங்கள் அயல்நாடு என்று ரீச்சர் சொன்னதை நான் எடுத்துவிட்டேன்.

“கடலிலை வேலி இல்லைப் பிள்ளை. வள்ளம் போய்ச் சேருற நாடெல்லாம் அயல்நாடுதான்,” என்றார் சித்தப்பா.

அப்பா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, போகிற இடத்தில் நெல் விளையுமா என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார். அவர் பல்லுத் தெரியச் சிரித்ததை நான் பார்த்தது அந்த நாட்களில் அபூர்வம்.

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரேயொரு நிபந்தனை இருந்தது.

“போனால் எல்லாரும். இல்லாட்டி ஒருத்தரும் இல்லை.”

கடைசிச் சண்டையில் அம்மாவின் தாயும் தகப்பனும், இடம் போதாது என்று பக்கத்துப் பங்கருக்குப் போனவர்கள். காலையில் அந்த இடத்தில் பங்கரே இருக்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா கடைக்குப் போவதென்றாலும் என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டுதான் போவார். தனியே போவது தனக்குச் சுகம் என்று தெரிந்தும் சித்தப்பா அம்மாவின் சொல்லுக்கு ஓம் என்றார். கொஞ்ச நாளில் தொழுவத்து மாடுகளும் அம்மாவின் காப்பும் கலியாணவீட்டுக்கென்று போய்விட்டன.

மாரிக் கடல் அடங்கித் தை பிறந்த பிறகுதான் வள்ளம் என்று, காசு வாங்கி ஆட்களை ஏற்றிவிடும் ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். ஐப்பசி மழையோ வாசலில் நின்றது. வயற்காரன் ஒருவன் மாரி மழையோடு வரும் காலபோகத்துக்கு விதைக்காமல் இருந்தால் ஊர் சும்மா இருக்காது. ஏன் விதைக்கவில்லை என்ற கேள்வி ஊர் ஒழுங்கை வழியே போய் மோட்டார் சைக்கிள்காரரிடமும் சேர்ந்துவிடும். ஆகவே ஊருக்குக் காட்டுவதற்காக விதைப்பது என்று முடிவாயிற்று. வெட்டப்போவதில்லை, விதைப்பது மட்டும்தான். சித்தப்பாவின் யோசனை அது. நல்ல யோசனைதான். அப்பாவிடம் அதை ஒப்படைத்ததில்தான் பிழை.

காட்டுவதற்கு விதைப்பது எப்படி என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. நல்ல விதைநெல்லாகத் தேடி வாங்கினார். அதைத் தண்ணீரில் போட்டுப் பதர் அரித்தார். வரம்பு கட்டினார். பசளை போட்டார். விடியமுன் எழும்பித் தண்ணீர் திருப்பப் போனார். இடுப்பளவு சேற்றோடு திரும்பி வந்த அப்பாவைப் பார்த்துச் சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“அண்ணை, இதை ஆர் வெட்டப்போறது?”

“பயிர் பாழாக் கிடந்தாலும் சனம் கேக்கும்தானே,” என்றார் அப்பா. அது சாட்டு என்று எனக்கே விளங்கியது.

அந்த வருஷம் மழையும் அப்பா சொல்லிவைத்தது போலப் பெய்தது. சண்டைக்குப் பிறகு எங்கள் வயலில் அப்படி ஒரு பயிர் நின்றதில்லை. போகிற வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா பரிசு வாங்கிய பிள்ளை போல வெட்கப்பட்டார்.

மார்கழியில் ஒரு ஞாயிறு காலை, தண்ணீரில் இருந்து பழக வேண்டும் என்று சித்தப்பா எங்களைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளத்தில் மீன்பிடிக்கும் சிநேகிதர் ஒருவரின் தோணியில் எல்லோரும் ஏறினோம். தம்பியின் நெஞ்சிலும் முதுகிலும் வெறும் பிளாஸ்டிக் எண்ணெய்க் கான்களைக் கட்டியிருந்தார் சித்தப்பா. விழுந்தால் மிதக்குமாம். தம்பி கானில் மேளம் தட்டிக்கொண்டு வந்தான். நடுக்குளத்தில் சித்தப்பா காலை அகட்டி நின்று தோணியை ஆட்டினார். அம்மா விளிம்பைப் பிடித்தபடி வாந்தி எடுத்தார். “அண்ணி, இது குளம். கடலெண்டால்…” என்று தொடங்கிய சித்தப்பா, அம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். அப்பா அதொன்றையும் கவனிக்கவில்லை. ததும்பிக் கிடந்த குளத்தை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தண்ணீர் கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்கும் காணும் என்றார்.

தை பிறந்தது. ஒரு நாள் மோட்டார் சைக்கிள்காரர் தேத்தண்ணி குடிக்காமல் சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து நடந்து வந்தார். முதுகைத் தொட விடவில்லை. குப்புறத்தான் படுத்தார். கேட்டதற்குச் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய சைக்கிள் அந்த இரண்டு நாளும் எங்கள் முருங்கை மரத்தில்தான் சாத்திக் கிடந்தது. வேறு யாருடையதையோ இரவல் வாங்கி ஓடியிருக்கிறார் என்று நான் நினைத்தேன். திங்கட்கிழமை திரும்பவும் வரச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை தைப்பூசம். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் புதிர் எடுப்பார்கள். நல்ல நேரம் பார்த்து முதல் கதிரை அறுத்துவந்து, சாமிக்கு வைத்து, அந்தப் புது நெல்லில் கொஞ்சம் உரித்துச் சோற்றில் சேர்த்து, வீட்டிலுள்ள எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது வழக்கம். வயல் முற்ற இன்னும் இரண்டு கிழமை இருந்தது. வரம்போரம் முந்தி முற்றிய நாலு நெற்கதிரை அப்பா தலைத்துணியில் சுற்றிக்கொண்டு வேலிப் படலைக்குள் வந்தபோது, ஏஜென்சிக்காரர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். வள்ளம் வந்துவிட்டது, அடுத்த நாள் காலையில் புறப்பட வேண்டும் என்று சொல்ல வந்திருந்தார்.

அப்பா நெற்கதிர்களைக் கையில் வைத்தபடி நின்றார். இரண்டு கிழமை பொறுக்கச் சொல்லுங்கோ, வெட்டிப்போட்டு வாறம் என்றார். வள்ளம் ஒருத்தருக்காக நிற்காது என்று சொல்லி அந்த ஆள் எழும்பிப் போய்விட்டார்.

“அண்ணை, இது ஊருக்குக் காட்ட விதைச்சது,” என்றார் சித்தப்பா.

அப்பா ஒரு நெற்கதிரை உள்ளங்கையில் வைத்து உருட்டி, உமி ஊதி, மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். போனால் எல்லாரும் என்று இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அம்மா சித்தப்பாவிடம் திரும்பி, திங்கட்கிழமை போனால் திரும்ப விடுவார்களா என்று மட்டும் கேட்டார். சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய் உலை வைத்தார்.

அன்று ஐந்து பேரும் வட்டமாக இருந்து புதிர்ச் சோறு சாப்பிட்டோம்.  சித்தப்பா மட்டும்தான் போகிறார், நாங்கள் நிற்கிறோம் என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் மெய்வல்லுநர் போட்டி, ஓட்டத்தில் நான் சேர்ந்திருந்தேன். நெல் முற்றாமல் விட்டதற்குப் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

காலையில் சித்தப்பா பட்டு வேட்டியும் வெள்ளைச் சேட்டும் உடுத்தார். கலியாணவீட்டுக்குப் போகிறவர் அப்படித்தானே போக வேண்டும். பரந்தனுக்குப் போய் முல்லைத்தீவு பஸ் எடுப்பார், அக்கரையில் இறங்கின உடனே போன் எடுப்பார், அடுத்த வள்ளத்தில் நாங்கள் போவோம் என்று பேச்சு. மிஞ்சிய கதிரொன்றை அப்பா அவருடைய சேட்டுப் பையில் வைத்தார். தம்பி தானும் கலியாணவீட்டுக்கு வருவேன் என்று படலையில் புரண்டு அழுதான். பலகாரம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுச் சித்தப்பா போனார்.

இரண்டு கிழமையில் வெட்டும் மெஷின் வந்தது. கொட்டில் நிறைய மூட்டை. ஓட்டத்தில் நான் இரண்டாவதாக வந்தேன். அப்பா மூட்டைகளுக்கு நடுவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். மணி அடிக்கவில்லை. ஏஜென்சிக்காரரின் நம்பரும் வேலை செய்யவில்லை. வள்ளத்தைப் பிடித்து ஏதோ தீவில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கதை வந்தது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது என்று இன்னொரு கதை வந்தது. அதற்குமேல் ஒரு கதையும் வரவில்லை. மோட்டார் சைக்கிள்காரர் மட்டும் தவறாமல் வந்தார்கள். தன் தம்பி கலியாணத்துக்குப் போய்விட்டதாக அப்பா சொன்னார். ஒரு நாள் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த அப்பாவும் குப்புறப் படுத்தார். அவரும் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சைக்கிள் ஓடத் தெரியவில்லை என்று நான் வெட்கப்பட்டேன்.

அடுத்த தைப்பூசம் வந்தது. அப்பா கதிர் அறுத்துவந்தார். அம்மா வழக்கம்போல ஐந்து இலை போட்டு ஐந்து பங்கு பரிமாறினார். நாங்கள் நாலு பேரும் சாப்பிட்டு எழும்பினோம். சித்தப்பாவின் இலை அப்படியே கிடந்தது. மத்தியானம் திரும்பிச் சோறு காயத் தொடங்கிவிட்டது. எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அம்மாவின் தாய் தகப்பனுக்கென்று அமாவாசைகளில் கிணற்றுக்கட்டில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிடுவது என்னுடைய வேலை. காகம் வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். வராதவர்களுடைய சோறு காகத்துக்கு என்பது என் கணக்கு. ஆகவே அந்த இலையைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றுக்கட்டில் வைத்து, கா, கா என்று கூப்பிட்டேன்.

முருங்கையிலிருந்து ஒரு காகம் இறங்கியது. குசினிக்குள்ளிருந்து அம்மா ஓடிவந்தார். அதுவரை என்மேல் கை வைத்தறியாத அம்மா கன்னத்தைப் பொத்தி அறைந்தார். எனக்குக் காது கூவியது. அப்பா எங்கிருந்தோ மண்கட்டியை எறிந்துகொண்டு ஓடிவந்தார். காகம் எழும்பிப் பறந்தது.

“திண்டிட்டுதோ?” என்று அம்மா கேட்டார். அது அம்மாவின் குரல் போலவே இருக்கவில்லை. “சொல்லு, திண்டிட்டுதோ?”

தின்றுவிட்டது. மண்கட்டி வந்து விழுமுன்னே ஒரு வாய் எடுத்து விழுங்கியதை நான் பார்த்தேன். எறிந்த அப்பாவும் அதைப் பார்த்தார். நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்.

“இல்லை. வாய் வைக்கேல்லை. நான் பாத்தனான்.”

அம்மா நின்று அப்பாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கிணற்றுக்கட்டில் சிந்தியதைப் பருக்கை பருக்கையாகப் பொறுக்கி இலையில் சேர்த்து, வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சித்தப்பாவின் இடத்தில் திரும்ப வைத்தார். இன்றைக்கும் தைப்பூசத்துக்கு அம்மா ஐந்து பங்குதான் போடுகிறார். காகம் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டுத்தான் பரிமாறுவார்.

அப்பா எனக்காகத்தான் பொய் சொன்னார், இன்னொரு அடி விழாமல் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று அன்று நினைத்தேன். அந்த நன்றியில், பின்னேரம் நானே தேத்தண்ணி ஊற்றி வயலுக்குக் கொண்டுபோனேன். அப்பா வரம்பில் குந்தியிருந்து, வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். காகம் எடுத்தது ஒரே ஒரு வாய்ச் சோறு. அதற்கு இவ்வளவு பெரிய ஆள் இப்படி அழுவாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.