தண்ணீர் லாரி சேர்த்த சங்கம்

எங்கள் இரும்புலியூர்த் தெரு வழியாக ஓடிய மினி பஸ் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. எனக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவுக்குத்தான் அந்த பஸ்ஸை விட்டால் வழியில்லை. பல்லாவரத்தில் செருப்பு தைக்கும் கம்பெனியில் வேலை. ஏற்கெனவே இரண்டு நாள் லேட். இன்னொரு நாள் என்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"தெருவே சேந்து மனு குடுக்கலாம்னு கீறேன் சார். யார்னா வருவாங்களா?"

கல்லூரியில் அரசியல் பாடம் எடுப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது! வாசலிலேயே வகுப்பைத் தொடங்கிவிட்டேன். தொந்தரவு வந்தால் ஜனங்கள் தானாகக் கூடிவிடுவார்கள் என்பது ஒரு கட்சி. முன்னால் நின்று இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்பது இன்னொன்று. பஸ் வந்தால் சும்மா இருந்தவனும்தானே ஏறுவான், அதனால் சேர்ந்தவனுக்கு மட்டும் ஏதாவது கிடைத்தால்தான் சங்கம் உருப்படும் என்பது மூன்றாவது. நான் முதல் கட்சி. மனுவையும் நானே எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தது அக்காவும் ஒரு தையல்காரரும் மட்டும். எனக்கு அன்று கிரிக்கெட் இருந்தது. பிறகு அக்கா வீடுவீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் கையெழுத்துப் போடவில்லை.

தண்ணீர் லாரி டிரைவர் அக்காவுக்குச் சொந்தக்காரர். லாரி கிளம்பியதும் போன் செய்வார். அக்கா தெருவுக்கே குரல் கொடுப்பார். அந்த வாரம் குரல் நின்றது. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் முளைத்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் லாரிச் செய்தி. இரண்டே நாளில் தெருவே கையெழுத்திட்டது.

மூன்றாவது கட்சி ஜெயித்த கதையை வகுப்பில் பெருமையாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் டிரம் காலி. லாரி வந்து போயிருந்தது. நேராக அக்காவிடம் போனேன்.

"மனு எழுதினதே நான்தானேக்கா!"

"எழுதினீங்க சார். கையெழுத்து எங்க கீது?"

காகிதத்தை மேலும் கீழும் பார்த்தேன். இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோருக்கும் கீழே போட்டேன். மறுநாள் லீவு எடுத்து மனு கொடுக்கவும் போனேன். மினி பஸ் திரும்ப வரும்வரை தினமும் அக்காவை ஸ்கூட்டரில் ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாப்பில் விட்டேன். அது முதல் நாளே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பஸ் திரும்பி வந்த காலையில் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஜன்னலோரம் அக்கா.

"சார், லாரி வந்துகினு கீது! போனைப் பாக்கல?"

வாயில் நுரையோடு குடம் தேடி ஓடினேன்.