தாஸ் அங்கிளின் கன்னங்கள்

காலையில் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் தாஸ் அங்கிள் அதன் வலப்பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்புவார். வாயை மூடி இரண்டு கன்னங்களிலும் காற்றை நிரப்பிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். பிறகு ‘புஸ்’ஸென்று விட்டுவிட்டுக் கண்ணாடியைச் சாலைக்குத் திருப்பி வைப்பார். பெங்களூரு பொம்மனஹள்ளியில் கோவிந்தப்பாவின் வீட்டில் இரண்டு வாடகைக் குடித்தனம்: கீழே தாஸ் அங்கிள் குடும்பம், மேலே நான். இரண்டு வருடமாக ஜன்னல் வழியே பார்த்துவருகிறேன்.

கோலார் தங்கவயலிலிருந்து வந்து, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் மெக்கானிக் ஆனவர். வயது ஐம்பத்து நான்கு. ஒல்லி உடம்பு, ஒட்டிய கன்னம்; அங்கே அவருக்குப் பெயர் ஊதுபத்தி. மகள் மோனிகாவின் நிச்சயதார்த்த மேடையிலாவது கன்னத்தோடு நிற்க வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆகஸ்டில் அவர் காலில் ஒரு புண் சீழ்பிடித்து ஆறியது. இரண்டு வாரம் கழித்துக் கன்னங்கள் தாமாகவே நிரம்பின.

“ஏனு தாஸ், சக்கத்தா ஆயிட்டீங்களே! மாமனார் களை வந்திடுச்சு” என்று கன்னடம் கலந்து மெச்சினார் கோவிந்தப்பா.

“எல்லாம் என் ராகிக்களி” என்றார் அங்கிளின் மனைவி தனலக்ஷ்மி ஆன்ட்டி. அங்கிள் ஸ்டூடியோவுக்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்.

காலையில் முகத்தில் இருந்த பருமன் சாயங்காலம் பாதத்துக்கு இறங்கிவிடுவதை நான் கவனித்தேன். செருப்பு வார் பதிந்த இடம் வாய்க்கால் போலிருந்தது. சந்தோஷமாக இருப்பவரிடம் எப்படிச் சொல்வது? ஐந்து நாள் வாயைத் திறக்கவில்லை. ஆறாம் நாள் அவரே மாடிப்படியில் நிறுத்தினார்.

“தம்பி, ஒண்ணுக்கு டீ டிகாஷன் மாதிரி போகுது. சூடுதானே?”

“டாக்டர்…” என்றேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

டாக்டரம்மா அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. பரிசோதனைகள் முடிந்ததும் சொன்னார்: “கிட்னியில அழற்சி. புண்ணுல இருந்த கிருமியோட உடம்பு போட்ட சண்டையில கிட்னிக்கு அடி. உப்பு கூடாது, தண்ணி அளந்துதான் குடிக்கணும். நெறைய பேருக்கு சரியாயிடும், உங்க வயசுல உறுதியா சொல்ல முடியாது. மறுபடி வீங்கினா அன்னைக்கே அட்மிட்.”

“கன்னம் போயிடுமா டாக்டர்?”

“போனாத்தான் பொழச்சீங்க.”

இரண்டு மாதம் உப்பில்லாச் சாப்பாடு. “சாம்பார் கோவிந்தப்பா சொல்ற ஜோக் மாதிரி இருக்கு தம்பி” என்பார். கன்னங்கள் போயின. ஸ்கூட்டர் கண்ணாடி சாலையையே பார்த்தது. தினமும் ஆன்ட்டி அவர் காலை அழுத்திப் பார்த்துத்தான் வேலைக்கு அனுப்பினார்.

நிச்சயதார்த்தத்தன்று மேடையில் தாஸ் அங்கிள் இரண்டு பக்கமும் உப்பிய கன்னங்களோடு நின்றார். மறுபடியும் வீக்கமோ? இந்த முறையும் பேசாமல் இருக்கக் கூடாது. ஆனால் மைக், வீடியோ, இருநூறு பேர். மேடையேறி, மொய்க் கவரை அவர் காலடியில் நழுவவிட்டுக் குனிந்தேன். வேட்டியை லேசாக விலக்கிக் கட்டை விரலை அழுத்தி ஐந்துவரை எண்ணினேன்.

குழி விழவில்லை.

நிமிர்ந்தால் அங்கிள் முறைத்துக்கொண்டிருந்தார். “ம்ம்” என்றார். வேறு பேச்சில்லை.

“சம்பந்தி ரொம்ப அமைதியான மனுஷர்” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அடுத்த வாரப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. அதற்கும் பிறகுதான் மோனிகா சொன்னாள்: தாம்பூலத் தட்டில் இரண்டு கொட்டைப்பாக்கு குறைகிறதென்று மாப்பிள்ளை வீட்டில் தேடியிருக்கிறார்கள். மேடையேறும் முன், “இதுல உப்பு இல்ல, வச்சுக்கோங்க” என்று கன்னத்துக்கு ஒன்றாக அவற்றை அடக்கிவிட்டது தனலக்ஷ்மி ஆன்ட்டியாம்.