ஷமீமா சொன்ன நேர் பதில்

வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஷமீமாவின் தம்பி அழைத்தான். "அக்கா மௌத்தாயிருச்சுக்கா" என்றான். ஷமீமா இறந்துவிட்டார். நோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஏற வேண்டிய பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போவதைப் பார்த்தபடி நின்றேன்.

திண்டுக்கல்லில் எங்கள் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் அவர் எனக்குப் பக்கத்து மேசை. ரத்தம் தேவைப்படுவோரையும் கொடுப்போரையும் இணைக்கும் இணையதளம் ஒன்றை நடத்திவந்தோம். அதன் சர்வர் நின்றுபோனால் காரணம் கண்டுபிடிப்பது எங்கள் இருவரின் வேலை. நான் பதறினால், "யாரு எழுதுனதுன்னு தேடாத, எங்க விழுதுன்னு தேடு" என்பார்.

ஒரு காலையில் சர்வர் திரும்பத் திரும்ப விழுந்தது. மறுபடி ஓட விட்டால் கொஞ்சம் ஓடும், பிறகு நின்றுவிடும். அப்போது வேடசந்தூர் மில் தொழிலாளி ஒருவர் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். மகளுக்கு அறுவை சிகிச்சை. "நான் பேரைப் போட்டு அமுக்குனா மட்டும் நின்னுபோகுதும்மா. எனக்கு மட்டும் ஏன்?" என்றார்.

ஷமீமா முதலில் ரத்த வகையைக் கேட்டார். தோல் கிடங்கில் வேலையிலிருந்த தன் தம்பிக்கும் அதே வகை. உடனே அவனை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பிறகுதான், "அண்ணே, என்ன எழுதுனீங்களோ அப்படியே சொல்லுங்க" என்றார். மகளின் நீண்ட பெயரை அவர் தமிழில் எழுதியிருந்தார். ஷமீமாவும் அதையே தட்டினார். சர்வர் விழுந்தது.

தமிழ் எழுத்துக்குக் கணினியில் கூடுதல் இடம் வேண்டும். எங்கள் நிரலில் பெயருக்கு விட்டிருந்த இடமோ ஆங்கிலத்துக்கு மட்டுமே போதுமானது. நீண்ட தமிழ்ப் பெயர் அதற்குள் அடங்காமல் சர்வரையே சாய்த்தது.

"இங்கிலீஷ்ல போடச் சொல்லிரலாமே" என்றார் மேலாளர்.

"அவங்க ஆசையா வச்ச பேரு சார். அதுக்கு இடம் விடாதது நான்தான். இந்த வரி நான் எழுதுனது" என்றார் ஷமீமா.

அவர் நிரலைத் திருத்தி, அந்தத் தந்தையை அழைத்தார். "தப்பு என்னோடது அண்ணே. இப்பப் போட்டுப் பாருங்க. பிள்ளை எப்படி இருக்கு?" பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

கடைசியாக மருத்துவமனையில் ஷமீமாவைப் பார்த்தபோது, "பயமா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்குப்பா. செத்த நேரம் போகாம இரு."

இருந்தேன். என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

அவரை அறிந்து இங்கே அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்கள் நினைவிலும் ஆளுக்கொரு ஷமீமா இருப்பார். எனக்கு மிஞ்சியது 'இருக்குப்பா' என்ற அந்த நேர் பதில். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், இப்போதெல்லாம் நான் 'நல்லா இருக்கேன்' என்று சொல்வதில்லை. ஷமீமா இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்கிறேன்.