காப்புக் கட்டின பன்னிரண்டாம் நாள்

நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டு எருமை திரும்பிப் பார்த்தாலே குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடியவள். அதைச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரர் ஊரைச் சிரிக்க வைப்பார். அவர் வேறு மாதிரி. கிணற்றில் நல்ல பாம்பு விழுந்துவிட்டது என்று ஊரே கூடி நின்றபோது, வெறும் கோணிப்பையோடு இறங்கி அதை மேலே கொண்டுவந்தவர். அவரைக் கட்டிக்கொண்டதால் எனக்குத் தைரியம் வந்துவிடும் என்று என் அம்மா நம்பினாள். வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சனமெல்லாம் ரோட்டுக்கு வந்த வருஷங்கள் அவை. மறியல் நடந்த நாட்களில் பஸ் ஓடவில்லை, சந்தை கூடவில்லை. சின்னசேலத்துக்குப் போகும் ரோட்டில் நின்ற புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். எங்கள் ஊர் எல்லையில் இரண்டு மரம் சாய்ந்தது. பெரிய மரத்துக்கு முதல் வெட்டுப் போட்டவர் என் வீட்டுக்காரர். சாயங்காலம் வந்து கொப்புளம் போட்ட உள்ளங்கையைக் காட்டினார். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பயம் அப்புறம்தான் வந்தது. கேஸ் போட்டார்கள். நாலைந்து பேர் பெயரை எழுதி, கடைசியில் 'மற்றும் பலர்' என்று முடித்திருந்தார்களாம். அந்தப் பலரில் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்து ஊரில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போய் நாலு நாள் கழித்து விட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது கழன்ற செருப்பை அவரால் குனிந்து மாட்ட முடியவில்லை. அவர் பெண்சாதி தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவேன்.

வெட்டிய மரத்தை என்ன செய்வது என்று ஊருக்குத் தெரியவில்லை. அரசாங்கத்து மரம். வீட்டில் வைத்திருந்தாலும் வம்பு, விற்றாலும் வம்பு. கடைசியில் துண்டு போட்டு வண்டியில் ஏற்றி, திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். சித்திரையில் வரும் தீமிதிக்கு ஆகட்டும், அம்மன் சொத்தில் எவன் கை வைப்பான் என்று பேச்சு. புளியங்கட்டை நின்று எரியும், தணலும் கெட்டியாக விழும். எல்லோருக்கும் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகப் பட்டது. கோயில் பக்கம் போகும்போதெல்லாம் நான்தான் அந்தக் கட்டைகளைப் பார்க்காமல் நடையை எட்டிப்போடுவேன். சாட்சியை வெட்டவெளியில் அடுக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சித்திரை பிறந்தது, கொடி ஏறியது. எங்கள் ஊரில் பதினெட்டு நாள் பாரதம். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் காலையில் மண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி. நெருப்பில் இறங்குகிறவர்கள் முதல் நாளே மஞ்சள் கொம்பு கோத்த நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். அப்புறம் கவிச்சி கிடையாது, சவரம் கிடையாது, பெண்சாதியைத் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, காப்பு இறக்குகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. என் வீட்டுக்காரர் அந்த வருஷமும் கட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் என் கொழுந்தனார் சைக்கிளை மிதித்துக்கொண்டு சின்னசேலத்திலிருந்து வந்தார். டீக்கடையில் கேள்விப்பட்டாராம். மரம் வெட்டியவர்கள் லிஸ்ட் தயாராகிவிட்டது, விடிந்தால் ஜீப் வருகிறது. ஒரு மணி நேரத்தில் காப்புக் கட்டாத ஆண்கள் எல்லாம் கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். கோடையில் எங்கள் மாடுகளை மேய்ச்சலுக்கு ஏற்றி அனுப்பினால் பார்த்துக்கொள்ளும் மலைக்குடும்பம் ஒன்று உண்டு. கேள்வி கேட்காமல் சாமைச் சோறு போடுவார்கள், எத்தனை நாளானாலும் வைத்துக்கொள்வார்கள். கொழுந்தனார் அங்கே போகத் துணி எடுத்துக்கொண்டார். அண்ணனையும் கூப்பிட்டார்.

அவர் சிரித்தார். கையைத் தூக்கிக் காட்டி, "காப்பு கைல கீது. எல்லைய எப்புட்றா தாண்டறது? வர்றவன் வரட்டும், ஆத்தா பாத்துக்குவா" என்றார்.

மாமியார் அழுதாள். நான் அழக்கூட இல்லை. எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே பூசாரியிடம் போனேன். காப்பை இடையில் அவிழ்க்க வழி உண்டா என்று கேட்டேன். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் உண்டு, இல்லையென்றால் கிடையாது என்றார். அதுவாகவே அறுந்துவிட்டால் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அறுந்துச்சின்னா கட்டு வுட்டுப்போச்சின்னு அர்த்தம். எங்க வேணா போலாம். ஆனா ஆத்தாளே வேணாம்னு தள்ளிட்டான்னுதான் ஊரு சொல்லும். அவன் அப்பறம் நெருப்புல காலு வெக்கக் கூடாது."

எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது மட்டும்தான் என் காதில் நின்றது. மீதியைக் கேட்டேன், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை.

ராத்திரியெல்லாம் கூத்துப் பார்த்ததால் மத்தியானம் அவர் மாட்டுக்கொட்டகையில் பாய் போட்டுத் தூங்குவது வழக்கம். நகம் வெட்டப் பாதி பிளேடு ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு போனேன். வலது கை வயிற்றின்மேல் கிடந்தது, மூச்சோடு மஞ்சள் கொம்பு ஏறி இறங்கியது. தொடக் கூடாத ஆளைத் தொடுகிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது. அம்மன் என் கண்ணைப் பிடுங்கிவிடுவாள் என்று நினைத்தேன். பிளேடு வழுக்கி என் விரலைக் கிழித்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது, உறைந்து நின்றேன், அது மறுபடி தூங்கிவிட்டது. நூல் ஒரே இழுப்பில் அறுந்தது. அறுபட்ட முனை மொட்டையாக, பிளேடு பட்டது என்று தெரியும்படி இருந்தது. நகத்தால் அந்த முனைகளை இழை இழையாகப் பிரித்துவிட்டேன். நைந்து அறுந்ததுபோல் ஆனதும் அவர் விலாப் பக்கம் பாயில் போட்டேன். என் விரலில் புகையிலைத் துணுக்கை அமுக்கிக்கொண்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்தேன்.

அவர் எழுந்து வந்தபோது காப்பை உள்ளங்கையில் வைத்திருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. உதடு வெளுத்திருந்தது.

"நீ ஏதாவது தொட்டியா?" என்று கேட்டார்.

"நான் ஏங்க தொடப்போறேன்" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. மாமியார் வந்து பார்த்துவிட்டு வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். அரைமணி நேரத்தில் அவர் தம்பியோடு கிளம்பினார். கோயில் வழியாகப் போனால் கிட்டம், அவர் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார். பிழைத்தார் என்று நினைத்தேன். எவ்வளவு சாமர்த்தியசாலி நான் என்றுகூட நினைத்தேன்.

விடிந்ததும் ஜீப் வந்தது. நான் நெல் குதிருக்குப் பின்னால் குழந்தையோடு ஒளிந்துகொண்டேன். ஜீப் கோயிலடியில் நின்றது. தீமிதிக்கு எவ்வளவு கூட்டம் வரும், எத்தனை மணிக்கு இறங்குவார்கள், பந்தோபஸ்துக்கு எத்தனை போலீஸ் வேண்டும் என்று பூசாரியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்களாம். அதிகாரி கட்டை அடுக்கைச் சுற்றி வந்து, நன்றாகக் காய்ந்திருக்கிறதே என்றாராம். பானகம் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். காப்புக் கட்டியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் மஞ்சள் வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லிஸ்ட் நிஜமா, டீக்கடைப் பேச்சா, காப்பைப் பார்த்துத் தொடாமல் போய்விட்டார்களா, யாருக்கும் தெரியாது. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தீமிதி அன்று குழியைச் சுற்றிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நின்றதும் அதே போலீஸ்தான். எங்கள் ஊர் வெட்டிய மரம் அவர்கள் கண்ணெதிரே தணலானது. பக்கத்தில் நின்றவர்கள் அதைச் சொல்லி ரகசியமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக இறங்கி ஏறினார்கள். அவர் இறங்கியிருக்க வேண்டிய முறை வந்தபோது, பூசாரி கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் முன்னால் நின்ற பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கொடி இறக்கிய பிறகு மலையிலிருந்து வந்தார்கள். கொழுந்தனார் தோளில் பலாப்பழத்தோடு, கல்யாணத்துக்குப் போய் வந்த ஆள்போல இருந்தார். இவர் இளைத்திருந்தார். மேலே நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டாராம், ஓடைக்குத் தனியாகப் போகமாட்டேன் என்றாராம். கொழுந்தனார் இதை வேடிக்கையாகச் சொன்னார். போலீஸ் வந்த கதையை நான் சொன்னேன். இவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. யார் யார் இறங்கினார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் பூசாரியே ஆள் அனுப்பினார். ஒரு தடவை அறுந்ததற்காக விட்டுவிடக் கூடாது, வந்து கட்டிக்கொள் என்று. அவர் போகவில்லை. "மரத்த வெட்டன கையி இது. அதான் ஆத்தா அவுத்து வுட்டுட்டா" என்று என்னிடம் சொன்னார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் என்னை அடிப்பார் என்று பயப்படவில்லை, அவர் அடிக்கிற ஆளில்லை. என்னைப் பார்க்கமாட்டார் என்று பயந்தேன். குழம்பை ஊற்றினேன். கேஸெல்லாம் பிற்பாடு ஒன்றுமில்லாமல் போனது. அவர் மட்டும் இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும் மனிதரானார். கூட்டம் என்றால் போகமாட்டார். கிணற்றில் இறங்க ஆள் வைத்தார். ஊர் கொஞ்ச நாள் கேலி செய்து, அப்புறம் மறந்தது.

குழந்தை வளர்ந்து காலேஜில் சேர்ந்த வருஷம், தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். குளித்துவிட்டு மஞ்சள் வேட்டிகூடக் கட்டிக்கொண்டான். அவர் கதவை மறித்து நின்றார். நம் குடும்பத்தை அம்மன் ஏற்கமாட்டாள், கால் வெந்துபோகும், போகாதே என்று கெஞ்சினார். பையன் அவரை நம்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏம்மா, அந்தக் காப்பு தானாவே அறுந்துச்சா? நீ பாத்தியா?"

அவரும் என்னைப் பார்த்தார். இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது, பயப்பட இனி என்ன இருக்கிறது என்று எத்தனையோ தடவை யோசித்து வைத்திருந்தேன்.

"தானாதான் அறுந்துச்சி. அப்பா சொல்றத கேளு" என்றேன்.

பையன் வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டுப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவர் மூச்சை விட்டு, கதவருகே அப்படியே உட்கார்ந்தார். பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டாய் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.